கிறிஸ்தவத்தைப் புரிந்துகொள்ள எங்கே தொடங்குவது? கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈரோட்டில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்குப் போன தையில் மருமகள் வந்தாள். பையனும் பெண்ணும் திருப்பூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பெண் தாராபுரம் பக்கம், சிஎஸ்ஐ என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, அப்புறம் சரியாகிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "கண்ணு, மருமவ வெள்ளென எந்திரிச்சு கண்ண மூடிட்டு என்னமோ சொல்லிக் கும்புடறா. அது என்னன்னு எனக்கும் தெரியோணுமில்ல? நீ அந்தக் கோயலுக்குத்தான போற, சொல்லிக் குடு" என்றார்.

நான் பிறந்ததிலிருந்து சபையில் இருப்பவள். ஆனாலும் அன்றைக்கு நான் தொடங்கிய விதம் தப்பு. ஒரே கடவுள், திரித்துவம், இரட்சிப்பு, நித்திய ஜீவன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு கதையை மட்டும் வாசித்துக் காட்டினேன். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் ஆறு மாதம் ஞாயிறு சாயங்காலம் எல்லாம் அதே திண்ணைதான். அங்கே பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் ஒரு மருமகளோ மருமகனோ வந்திருக்கலாம், கூட வேலை செய்கிறவர் கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கலாம், அல்லது உங்களுக்கே தெரிந்துகொள்ள ஆசை இருக்கலாம். தெரிந்துகொள்வதற்காக யாரும் மதம் மாறவேண்டியதில்லை. அப்படி யாராவது அவசரப்படுத்தினால், "முதலில் புரிந்துகொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் ஒரு கதை

பைபிளை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். ஆதியாகமம் சுவையாகப் போகும், யாத்திராகமத்தில் பாதிவரை போகும், அப்புறம் பலிச் சட்டங்கள் வந்ததும் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். பைபிள் ஒரே புத்தகம் கிடையாது, பல நூல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. சிஎஸ்ஐ போன்ற சபைகளில் 66 நூல்கள், கத்தோலிக்கர்களிடம் 73. இயேசு பிறப்பதற்கு முன் யூதர்களிடம் இருந்தவை பழைய ஏற்பாடு. அவருக்குப் பின் எழுதப்பட்டவை புதிய ஏற்பாடு, அதில் 27 நூல்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்பவை மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நான்கு சுவிசேஷங்கள். கத்தோலிக்கர்கள் நற்செய்தி என்பார்கள்.

மாற்குதான் சின்னது, 16 அதிகாரம். ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். அடுத்தது லூக்கா. லூக்காவில் 15ஆம் அதிகாரத்தை மட்டும் தனியாக, நிதானமாக, முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். அக்காவுக்கு நான் வாசித்தது அதைத்தான்.

ஒருவனுக்கு நூறு ஆடு. ஒன்று காணாமல் போகிறது. தொண்ணூற்றொன்பதையும் வனாந்தரத்தில் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான். இவ்வளவுதான் வாசித்திருப்பேன், அக்கா நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர் பிறந்தது காங்கேயம் பக்கம். அப்பா கொறங்காட்டில் பட்டி போட்டு ஆடு வளர்த்தவர். "அதெப்படிக் கண்ணு தொண்ணூத்தொம்பதையும் வனாந்தரத்துல உட்டுப்போட்டுப் போவான்? பட்டில அடைச்சுப் படல் சாத்திட்டில்ல போகோணும்? வேலியில்லாத எடத்துல உட்டா நரி உடுமா?" என்றார். கிளுவை வேலியும் படலும் பார்த்து வளர்ந்தவருக்கு அது உடனே உறுத்திவிட்டது. சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் படித்த கதை, எனக்கு அது தோன்றியதே இல்லை. இயேசு அந்தக் கதையை ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்த ஊரில்தான் சொன்னார். கேட்டவர்களுக்கும் இதே கேள்வி வந்திருக்கும். இப்படி யாராவது செய்வார்களா என்று தோன்றவேண்டும், அப்புறம் கடவுள் அப்படிச் செய்கிறவர் என்று புரியவேண்டும். கதை அதற்காகத்தான்.

ஆடு கிடைத்ததும் மேய்ப்பன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறான். "எங்கப்பன் மொதல்ல ரண்டு போடு போட்டுட்டுத்தான் தூக்குவாரு" என்றார் அக்கா.

அதே அதிகாரத்தில் மூன்றாவது கதை இரண்டு மகன்களைப் பற்றியது. இளையவன் அப்பா உயிரோடு இருக்கும்போதே பாகம் கேட்கிறான். கொங்கு நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அப்பா உயிரோடிருக்க, நிலத்தைப் பிரி என்று மகன் கேட்டால் ஊர் என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா பிரித்துக் கொடுக்கிறார். அவன் தூர தேசம் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பஞ்சத்தில் பன்றி மேய்க்கும் நிலைக்கு வருகிறான். பண்ணையத்தில் கூலி ஆளாகவாவது வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம் என்று, சொல்லவேண்டியதை மனதுக்குள் தயார் செய்துகொண்டு திரும்பி வருகிறான். தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிட்டு ஓடுகிறார். வயசான, சொத்துள்ள மனுசன் ஊர் பார்க்க ஓடுகிறார். மகன் தயார் செய்து வந்ததில், கூலி ஆளாக வைத்துக்கொள் என்ற வரியைச் சொல்லவே விடவில்லை. நல்ல துணி, மோதிரம், காலுக்குச் செருப்பு, விருந்து என்று உத்தரவு போடுகிறார்.

காட்டில் வேலை முடித்துவிட்டு வரும் மூத்தவனுக்குப் பாட்டுச் சத்தம் கேட்கிறது. கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறான். அவனையும் அப்பாவே வெளியே வந்து கெஞ்சுகிறார். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. "பொறவு உள்ள போனானா இல்லியா?" என்று அக்கா கேட்டார். கதையில் அது இல்லை. அவருடைய பங்காளி வீட்டில் பத்து வருசமாக ஒரு வரப்புத் தகராறு. அன்றைக்கு அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை.

கிருபை என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள், கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். உழைத்துச் சம்பாதிக்காமல், தகுதி பார்க்காமல் கிடைப்பது என்று அதற்குப் பொருள். அந்த அப்பா ஓடியதை மனதில் வைத்துக்கொண்டால், கிறிஸ்தவத்தின் பாதி அங்கேயே பிடிபட்டுவிடும்.

அப்புறம் காலமும் இடமும்

இது கட்டுக்கதையா, நடந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எங்கள் நம்பிக்கையைச் சுருக்கி ஞாயிறுதோறும் சபையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில், இயேசுவையும் அவர் தாய் மரியாளையும் தவிர இன்னொரு மனிதரின் பெயரும் வரும்: பொந்தியு பிலாத்து. இவர் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் இருந்த ரோம ஆளுநர். இயேசுவைச் சிலுவையில் அறையத் தீர்ப்புக் கொடுத்தவர். அப்போது ரோமில் ஆண்டது திபேரியு பேரரசர்.

அந்த ரோம் நமக்குத் தூரம் என்று நினைக்கவேண்டாம். நொய்யல் கரையில் சென்னிமலைப் பக்கம் இருக்கும் கொடுமணல் அந்தக் காலத்து வணிக ஊர். வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் பக்கம் எல்லாம் ரோமக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி அகஸ்து, திபேரியு இருவர் காலத்துத் தெனாரியம் என்னும் வெள்ளிக் காசுகள். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் வரி கட்டலாமா என்று இயேசுவை மடக்கப் பார்க்கிறார்கள். ஒரு தெனாரியத்தைக் கொண்டுவரச் சொல்லி, "இதில் இருப்பது யார் உருவம்?" என்று கேட்கிறார். அதே வகைக் காசு நம் மண்ணுக்குள்ளும் கிடந்தது. திராட்சைத் தோட்டத்தில் காலையில் வந்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த முதலாளியின் கதையில், அந்த ஒருநாள் கூலியும் ஒரு தெனாரியம்தான். அது மத்தேயு 20இல் இருக்கிறது. மஞ்சள் காட்டில் ஆள் விட்டு வேலை வாங்கியவர்கள் படித்தால் சண்டைக்கே வருவார்கள்.

நம்பிக்கையின் மையம் இதுதான். இயேசு மனிதராக வந்த கடவுள். மனிதர்களின் பாவத்துக்காகச் சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராக இருந்தும் கடவுள் ஒருவரே. இதைத்தான் திரித்துவம் என்கிறார்கள். இதை உவமை சொல்லி விளக்க யாராவது முயன்றால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எந்த உவமையும் கொஞ்ச தூரம்தான் வரும். கிறிஸ்தவர்களே இதைப் புரிந்து முடித்ததாகச் சொல்லமாட்டார்கள்.

ஒரே விசுவாசம், இரண்டு தமிழ்

புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கத்தோலிக்கர் பேசும் சமயத் தமிழும் மற்ற சபையார் பேசும் சமயத் தமிழும் வேறு வேறு. அவர்களுக்குப் பூசை அல்லது திருப்பலி, எங்களுக்கு ஆராதனை. அவர்களுக்குப் பங்குத்தந்தை, சாமியார், ஃபாதர். எங்களுக்கு ஆயர், ஐயர், பாஸ்டர். அவர்கள் திருமுழுக்கு என்பதை நாங்கள் ஞானஸ்நானம் என்கிறோம். நற்கருணையைத் திருவிருந்து என்கிறோம். இயேசு சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை எங்கள் பக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குவோம், அவர்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்பார்கள். அக்காவின் மருமகள் காலையில் சொன்னது இதைத்தான். அக்கா பத்தே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். பைபிளிலும் இரண்டு தமிழ் உண்டு. பழைய பரிசுத்த வேதாகமத்தின் நடை கம்பீரமாக இருக்கும், ஆனால் புதியவர்களுக்குக் கடினம். 1995இல் வந்த திருவிவிலியம் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. முதல்முறை படிப்பவர்களுக்கு நான் அதைத்தான் கொடுப்பேன்.

பிரிவுகள் எப்படி வந்தன? கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் 1054இல் பிரிந்தன. 1517இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தில் மேற்கு மறுபடி பிரிந்தது. நம் ஊரில் ஆர்சி என்றால் ரோமன் கத்தோலிக்கர். சிஎஸ்ஐ என்பது பல சபைகள் சேர்ந்து 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை. லுத்தரன் சபை உண்டு, இரட்சணிய சேனை உண்டு. கை தட்டிச் சத்தமாகப் பாடி ஜெபிக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே குழந்தைகளுக்கு இல்லை, வயது வந்தவர்களுக்குத்தான் ஞானஸ்நானம், தண்ணீரில் முழுவதும் முக்கி எடுப்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த மலையாளக் குடும்பங்களால் கோயமுத்தூரில் சிரியன் சபைகளும் இருக்கின்றன.

கத்தோலிக்கர்கள் மாதாவையும் புனிதர்களையும் கடவுளாகக் கும்பிடுவதில்லை, தங்களுக்காகக் கடவுளிடம் வேண்டச் சொல்லிக் கேட்கிறார்கள். கோயமுத்தூர் புலியகுளம் அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், மெழுகுவர்த்தியோடு நிற்பவர்களில் பூவும் பொட்டும் வைத்தவர்கள் நிறையப்பேர் இருப்பார்கள். பக்கத்திலேயே முந்தி விநாயகர் கோயில். இரண்டுக்கும் போய்விட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு.

இந்த மண்ணுக்கு எப்படி வந்தது

சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரையிலிருந்த இத்தாலிய யேசுசபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1623இல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். காவி கட்டி, சைவ உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து எழுதியவர். கோவை-அவினாசி சாலையிலுள்ள கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயம் அந்த நூற்றாண்டிலிருந்தே தொடரும் பழைய தலம். அக்டோபரில் திருவிழா, தேர் உண்டு. லண்டன் மிஷனிலிருந்து ஆடிஸ் என்ற மிஷனரி 1830இல் கோயமுத்தூர் வந்தார். ஈரோட்டுக்காரர்கள் தினமும் பத்துமுறை சொல்லும் பிரப் ரோடு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்சன் பிரப் ஐயரின் பெயர்தான். அவர் கட்டிய தேவாலயம் இன்றும் அங்கேயே இருக்கிறது. ஈரோட்டில் ஊழியம் செய்த பாப்ளி ஐயர் கர்நாடக இசை படித்து, காலட்சேபம் செய்து இயேசுவின் கதையைச் சொன்னார். 1921இல் இந்திய இசை பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

ஒரு ஞாயிறு உள்ளே போங்கள்

படித்தது போதும், ஒருமுறை ஆராதனையில் உட்காருங்கள். தெரிந்தவர் யாருடனாவது போவது நல்லது. யாரும் இல்லை என்றாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் முன்னதாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். செருப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குவியலாகக் கிடந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் போட்டுக்கொண்டே போகலாம். பல சபைகளில் பெண்கள் ஜெபத்தின்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். பழைய ஆலயங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். பொட்டு வைத்துக்கொண்டு போகலாமா என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாகப் போகலாம்.

எல்லோரும் எழுந்தால் எழுந்திருங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். முழங்கால் போடும்போது நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பாட்டில் இரண்டு வகை உண்டு. பாமாலை மேல்நாட்டு மெட்டில் மொழிபெயர்த்த பாட்டு. கீர்த்தனை ராகம் தாளத்தோடு தமிழிலேயே பிறந்தது, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பாடியவை அதில் நிறைய. கீர்த்தனை வந்தால் உங்களுக்குக் காது தானாகத் திறக்கும். காணிக்கைப் பை வரும்போது போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் நேரத்தில் எழுந்து போகாதீர்கள், இருந்த இடத்திலேயே இருங்கள். அது கோயில் பிரசாதம் போல வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுப்பதல்ல. இயேசு சாவதற்கு முந்தின இரவு சீடர்களோடு உண்டதை நினைத்து, திருமுழுக்குப் பெற்றவர்கள் வாங்குவது. சிஎஸ்ஐயில், ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் திடப்படுத்தல் என்ற சடங்கை முடித்தவர்கள் வாங்குவார்கள். கத்தோலிக்கர்களிடம் இது இன்னும் கண்டிப்பு, ஏனென்றால் அந்த அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அக்கா முதல்முறை வந்தபோது பெஞ்சில் தனியாக விடவேண்டாம் என்று மருமகளும் வாங்கப் போகாமல் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். அக்காதான் அவளைத் தட்டி, "நீ போய்ட்டு வா சாமி" என்று அனுப்பினார்.

கிறிஸ்துமஸை விடப் பெரிய நாள் எது?

ஈஸ்டர். மார்ச் 21க்கோ அதற்குப் பின்னோ வரும் பௌர்ணமி முடிந்த அடுத்த ஞாயிறு அது. அதனால்தான் தேதி மாறிக்கொண்டே இருக்கும், மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரும். பழனிக்குப் பாதயாத்திரை போகிற பங்குனி உத்திரமும் இதுவும் பல வருசம் அருகருகே வருவதற்கு இந்த நிலாக் கணக்குதான் காரணம். அதற்கு முன் நாற்பது நாள் தவக்காலம், நாங்கள் லெந்து நாட்கள் என்போம். சாம்பல் புதனில் தொடங்கும். கறி சாப்பிடாமல் இருப்பவர்கள் உண்டு, கல்யாணம் வைக்கமாட்டார்கள். மாலை போட்டு விரதம் இருந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் 12 மணி முதல் 3 மணிவரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம். அன்றைக்கு யாருக்கும் வாழ்த்துச் சொல்லாதீர்கள், அது துக்க நாள். ஞாயிறு விடியற்காலை சொல்லலாம்.

கேட்கத் தயங்கும் கேள்வி

சபைக்குள் சாதி இருக்கிறதா என்று அக்கா ஒருநாள் கேட்டார். இருக்கிறது. இருக்கக் கூடாது என்று புதிய ஏற்பாடு தெளிவாகச் சொல்கிறது, ஆனால் கல்யாணப் பேச்சில் இருக்கிறது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் இருக்கிறது. என் அம்மாவை ஒரு சபையில், அவர் தொட்டு அடுக்கிய திருவிருந்துப் பாத்திரத்தை மறுபடி கழுவி அவமானப்படுத்தினார்கள். அந்த வேதனை எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. புதிதாக வருபவர்களிடம் இதை மறைத்தால் நான் பொய் சொன்னவளாவேன். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது, தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாகச் சிலர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களை அதை வைத்து எடைபோடாதீர்கள்.

துக்க வீட்டுக்குப் போனால்

கேதத்துக்குப் போகும்போதுதான் பலருக்குத் தயக்கம் வரும். மாலை வாங்கிப் போகலாம். வீட்டில் பாட்டும் ஜெபமும் நடக்கும், சும்மா நின்றால் போதும். பெட்டியைக் குழியில் இறக்கியதும் ஆயர், மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல் என்று சொல்வார். வந்தவர்கள் எல்லோரும் ஒரு கைப்பிடி மண் போடுவார்கள், நீங்களும் போடலாம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். போன நவம்பரில் மருமகளின் தாத்தா கல்லறைக்குப் போக அக்காவும் தாராபுரம் பஸ் ஏறினார். போகும்போது வீட்டிலிருந்து ஒரு கூடை செவ்வந்திப்பூ பறித்துக்கொண்டு போனார்.